முன்னாடி எந்தப் பக்கம்?

1

இந்தக் கதை எனக்கு ஒரு பலகையோடு சேர்ந்து வந்தது. பலகைக்கு வாசகம் எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கதையை நானாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

2004-ஆம் வருடம். தொழிற்சாலைகளுக்குத் தமிழில் எச்சரிக்கைப் பலகை எழுதிக் கொடுப்பது அப்போது என் பிழைப்பு. 'தலைக்கவசம் அணியவும்', 'இங்கே புகைக்கக் கூடாது', 'உயர் அழுத்தம், நெருங்காதே' எல்லாம் என் கைவண்ணம். மணலி புதுநகர் முதல் ராயபுரம் வரை என்னைவிட அதிகம் படிக்கப்பட்ட எழுத்தாளர் அன்றைக்கு யாரும் கிடையாது. படித்தவர்கள் கேட்டு நடந்தார்களா என்பது வேறு விஷயம்.

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஷெட். லாரி இன்ஜின்களுக்கு டர்போ செய்கிற கம்பெனி ஒன்று அதற்குள் சத்தத்தை அளந்துகொண்டிருந்தது. ஷெட்டின் மேலாளர் வெள்ளத்துரை, திருநெல்வேலிக்காரர், காலடிப்பேட்டையில் இருந்த என் வீட்டுக்குப் போன் செய்தார்.

"சத்தம் போடாதீங்கன்னு இருக்கணும். ஆனா அப்படியே எழுதிராதீங்க. கொஞ்சம் மரியாதையா இருக்கணும்லா?"

மரியாதையாக எழுதினேன்: 'அளவீடு நடைபெறுகிறது. அமைதி காக்கவும்.'

பிறகு இந்தக் கதையைத் தொடங்கினேன். முதல் தொடக்கத்தைக் கிழித்துப் போடாமல் இங்கேயே விட்டுவைக்கிறேன்:

[ராயபுரத்தில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்க, துறைமுகத்தில் கப்பல் ஊத, கூட்ஸ் ரயில் தடதடக்க, மீன் ஏலத்தின் கூச்சல் காதைத் துளைக்க, இத்தனை இரைச்சலுக்கும் நடுவே ஓர் இளம்பெண் மிக மெல்லிய ஒரு விசில் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்—]

அந்த இளம்பெண் மகிழினி. ஷெட்டில் இன்ஜினியர். அவளிடமே இதைப் படித்துக் காட்டினேன். அந்த இடத்தில்தான் கையை நீட்டி நிறுத்தினாள்.

"யக்கா, மைக்கு ரெண்டும் கொழாய்க்குள்ள கீது. வெளிய கப்பலே வந்து நின்னு கத்தினாலும் அதுக்கு ஒண்ணியும் கேக்காது."

"அப்போ எதுக்கு என்கிட்ட பலகை எழுதி வாங்கினீங்க?"

"அது விசிட்டர் வந்தா பாக்கறதுக்கு. லேபுன்னா ஒரு போர்டு வேணாமா?"

ஆக, தேவையே இல்லாத பலகை அது. கதையின் முதல் தொடக்கமும் அதோடு சேர்ந்து போயிற்று. வருத்தம்தான், ஏனென்றால் அந்தக் கப்பல் எனக்குப் பிடித்திருந்தது.

2

முதலில் ஆட்களையும் குழாயையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன். (மீபுனைவு, அதாவது கதைக்குள்ளேயே கதையைப் பற்றிப் பேசுகிற கதை, எழுதுகிறவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். வாசகரைக் கொஞ்ச நேரம் தவிக்க விடுவதில் அவர்களுக்கு ஒரு சுகம். எனக்குப் பலகை எழுதிப் பழக்கம். தூரத்திலிருந்து பார்த்தாலே புரிய வேண்டும்.)

மகிழினி வியாசர்பாடிப் பெண். அப்பா பீம்ராவ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மகிழினி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, இந்தக் கம்பெனியில் ட்ரெய்னியாக இரண்டாவது வருடம். அவளோடு வேலை செய்கிறவன் திலீப், டெக்னீஷியன், ஷெட்டை ஒட்டிய குப்பத்துக்காரன். அண்ணன்கள் போட்டில் கடலுக்குப் போகிறார்கள். இவன் டிப்ளமோ படித்துவிட்டு, கடலுக்கு ஐம்பதடி முன்பே நின்றுவிட்டான்.

டர்போ என்பது இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுற்றுகிற ஒரு சக்கரம். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். ஆள் ஓடுகிற ஓட்டத்திலேயே அவனுக்கு விசிறியும் வீசுவது போல. இதை ஒரு மேடையில் பொருத்தி, அழுத்தமான காற்றால் சுற்ற விட்டிருந்தார்கள். அதன் வாயில் ஒரு நீளமான இரும்புக் குழாய். குழாயின் மறுமுனையில் ஒரு ஸ்பீக்கர். நடுவே, குழாயின் சுவரில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு மைக்.

ஸ்பீக்கர் தருகிற சத்தம் குழாய் வழியாக டர்போவுக்குப் போகும். கொஞ்சத்தை டர்போ விழுங்கும், மிச்சம் முட்டிக்கொண்டு திரும்பி வரும். இரண்டு மைக்கும் ஒரே சத்தத்தைத்தான் கேட்கின்றன, ஆனால் கொஞ்சம் முன்பின்னாக. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து, போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பிரித்து ஒரு கோடு வரைந்து காட்டும். கனத்த குரலிலிருந்து கீச்சுக் குரல் வரை ஒவ்வொரு சுதியிலும் அளப்பார்கள்.

"போனதைவிட வந்தது அதிகமா இருக்குமா?" என்று கேட்டேன்.

"எப்டிக்கா இருக்கும்? செவுத்துல பந்து அடிச்சா, அடிச்சத விட வேகமாவா வரும்?"

அப்போதுதான் திலீப் டீ வாங்கிக்கொண்டு வந்தான். 'ழ' என்கிற எழுத்து அவன் வாயில் 'ய' ஆகிவிடும். அந்தப் பக்கத்து உரிமை அது.

"இன்னா மகியினி, காலைலயே மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற?"

"மூஞ்சி என்னுது. நேத்து டைட் பண்ணச் சொன்ன போல்ட்டு உன்னுது."

"டீ ஆறிகினு கீது."

"ஆறட்டும். போல்ட்டு லூசா கீறத விட டீ ஆறிப்போறது தேவல."

நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். அவன் ஒன்று சொன்னால் இவள் இரண்டு சொன்னாள். காலை முழுக்க அப்படித்தான். ஒரு பேச்சுக்கு இரண்டு பேச்சு, தவறாமல். யாருக்கும் கோபம் இல்லை. சொல்லப்போனால் இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். இந்த அளவீட்டைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நான் குறித்துக்கொண்டேன்.

3

ஒரு கதையில் யாருக்காவது ஏதாவது வேண்டியிருக்க வேண்டும். மகிழினிக்கு வேண்டியிருந்தது ஒரு நீலக் கோட்டு.

அந்தக் கம்பெனியில் ட்ரெய்னிகளுக்குச் சாம்பல் கோட்டு, பெயர் கிடையாது. வேலை நிரந்தரமானவர்களுக்கு நீலக் கோட்டு, நெஞ்சுப் பக்கம் பெயரை வெள்ளை நூலால் தைத்திருக்கும். மகிழினியின் அடையாள அட்டையில் 'மகிலினி' என்று அச்சடித்திருந்தார்கள். திலீப் வாயில் அவள் மகியினி. கோட்டிலாவது ஒழுங்காக 'ழ' போட்டுத் தைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று லேசாகச் சொல்லிவிட்டேன். பீம்ராவ் வீட்டில், அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில், கோட்டு மாட்டுவதற்கு முன்கூட்டியே ஆணி அடித்துவிட்டார். (படத்தில் இருப்பதும் நீலக் கோட்டுதான். அதை நான் அழுத்திச் சொல்லப் போவதில்லை.)

அவளுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு விசில் நின்றது. எண்ணூரில் ஒரு லாரித் தொழிற்சாலை இவர்களிடம் டர்போ வாங்குகிறது. புது மாடல் லாரி மேட்டில் ஏறினால் எங்கிருந்தோ ஒரு விசில் வருகிறது. குக்கர் விசில் மாதிரி வந்து நின்றுவிடாது. ஏறி முடிக்கிற வரைக்கும் ஒரே சுதியில் இழுக்கும். ஓட்டுநர்கள் தலைவலி என்றார்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த இக்னேஷியஸ், ராயபுரத்துக்காரர், "உங்க டர்போதான் கத்துது" என்றார். வெள்ளத்துரை, "உங்க காத்துக் குழாய்தான் கத்துது" என்றார். அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை இக்னேஷியஸ் வருவார், அறிக்கையைப் பார்ப்பார்.

"அவர் கையெழுத்துப் போட்ட மறுநாள் உனக்கு நீலக் கோட்டும்மா" என்றார் வெள்ளத்துரை. "நான் ஹெட் ஆபீஸ்ல சொல்லி வச்சாச்சு."

அவர் கெட்டவர் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். 'இந்த ஷெட்டை மூடு, சத்தத்தை அளந்து என்ன ஆகப் போகிறது' என்று கேட்டுக்கொண்டே இருந்த ஹெட் ஆபீஸோடு அவர் ஒருவர்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வில்லன் இல்லாத கதையில் எழுத்தாளருக்கு வேலை அதிகம்.

4

திங்கட்கிழமை கோடு வந்தது. பைத்தியக்காரக் கோடு.

கனத்த குரலிலிருந்து கீச்சுக் குரல் வரை, எந்தச் சுதியில் பார்த்தாலும் போனதைவிட வந்தது அதிகம். நூறு அனுப்பினால் இருநூறு திரும்பியது. செவுத்தில் அடித்த பந்து, அடித்ததைவிட இரண்டு மடங்காக வந்தது. குழாயும் வட சென்னைக் குழாய்தானே என்று நான் சொன்னேன், மகிழினி சிரிக்கவில்லை.

ஒரே ஒரு இடம் மட்டும் ஒழுங்காக இருந்தது. அந்த விசில் வருகிற சுதி. அங்கே மட்டும் நூறு போய் எண்பது திரும்பியது, நல்ல பிள்ளை மாதிரி.

வெள்ளத்துரைக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா? விசில் வர்ற இடத்துல நம்ம டர்போ எவ்வளவு சாதுவா இருக்கு! எனக்கு இது போதும்."

"சார், மத்த எடமெல்லாம் பைத்தியமா கீ... இருக்குது சார். ஊரே பைத்தியமா இருந்தா ஒருத்தன மட்டும் எப்படி நம்பறது?"

(வெள்ளத்துரையிடம் பேசும்போது மகிழினி 'இருக்குது' என்பாள், திலீப்பிடம் 'கீது'. அவசரத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும்.)

எங்கேயோ தப்பு இருந்தது. இருவரும் தேடினார்கள். ஸ்பீக்கரை மாற்றினார்கள். குழாயின் மூட்டுகளில் எல்லாம் திலீப் சோப்பு நுரை தடவினான், காற்று கசிந்தால் குமிழி வரும். ஒரு குமிழிகூட வரவில்லை. ஒயர்களைச் சரிபார்த்தார்கள்.

"முன்னாடி மைக்குல ஒண்ணாம் நம்பர் ஒயர் கீதா?"

"கீது."

"நல்லா பாரு. முன்னாடி மைக்குல?"

"முன்னாடி மைக்குலதாம்மா கீது! எத்தினி தபா கேப்ப?"

இரண்டு பேரும் உண்மையைத்தான் பேசினார்கள். இதை எழுதும்போது எனக்கு அவர்கள் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. முடியாது, கதை இன்னும் திங்கட்கிழமையில் இருக்கிறது.

* இந்த இடத்தில் உங்களில் சிலர் வேறொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு பையன், ஒரு பெண், ஒரே குழாய், நுரை, சண்டை. நானும் எதிர்பார்த்தேன். ஒரு பக்கம் எழுதியும் விட்டேன்: [திலீப்பின் விரல்களில் இருந்த நுரை மகிழினியின் கன்னத்தில்—] மகிழினி அதைப் படித்துவிட்டு, "அவன் வூட்ல வாரிசு வந்துட்டானே, தெரியாதா? ஆசுபத்திரிக்கு நான்தான் ஹார்லிக்ஸ் எடுத்துகினு போய் பாத்தேன்" என்றாள். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். நுரையை மட்டும் வைத்துக்கொண்டேன்.

5

புதன்கிழமை என் பலகை தயாராகி வந்தது. இந்தக் கதையில் எழுத்தாளர் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மகிழினி கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "திலீப்பு, அத்த முன்னாடி மாட்டு."

திலீப் ஸ்டூலையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு போனான். மாட்டிவிட்டு வந்தான். நான் டீ குடித்தேன். பிறகு மகிழினி என்னை வழியனுப்ப ரோட்டுப் பக்கத்துக் கேட்டு வரைக்கும் வந்தாள். அண்ணாந்து பார்த்தாள். பலகை இல்லை.

"டேய், போர்டு எங்கடா?"

"முன்னாடி மாட்டிட்டன்."

"எங்க மாட்டின? இங்க ஒண்ணியும் காணோம்."

"முன்னாடின்னா முன்னாடி!"

மூவரும் ஷெட்டுக்குள் நடந்து, மறுபக்கச் சின்னக் கதவைத் திறந்து வெளியே போனோம். எதிரே கொட்டி வைத்த கருங்கல், அதற்கு அப்பால் வங்காள விரிகுடா. கதவுக்கு மேலே, கடலைப் பார்த்தபடி, என் பலகை: 'அளவீடு நடைபெறுகிறது. அமைதி காக்கவும்.' கடல் காப்பதாக இல்லை. ஒரு அலை வந்து கல்லில் மோதி எங்கள் மேல் தெளித்தது.

"கடலாண்ட போய் சத்தம் போடாதேன்றியா? இது பின்பக்கம்டா!"

"யாருக்குப் பின்பக்கம்? எங்க வூட்டுக்கு வாசல் கடலாண்ட கீது. எங்க கோயிலுக்கு வாசல் கடலாண்ட கீது. ரோட்டாண்ட இன்னா கீது? கக்கூஸ் கீது."

"வியாசர்பாடில கடலுக்கு எங்க போறது? ரோடு கீற பக்கம்தான் எங்களுக்கு முன்னா—"

அந்த வாக்கியத்தை நான் வெட்டவில்லை. அவளே நிறுத்திவிட்டாள். வாய் திறந்தபடி திலீப்பைப் பார்த்தாள். திலீப் அவளைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே ஓடினார்கள்.

* அவர்கள் ஓடுகிற நேரத்தில் ஒரு சின்ன யோசனை. தப்பு அவர்களுடையது மட்டும்தானா? இந்த வார்த்தையே இரட்டை முகம் கொண்டது. 'முன்னாடி இங்கே ஒரு மரம் இருந்தது' என்றால் மரம் இப்போது இல்லை. 'முன்னாடி மரம் இருக்கு, பார்த்து ஓட்டு' என்றால் இருக்கிறது, மோதினால் பல் போகும். போன காலத்தையும் எதிரில் நிற்பதையும் ஒரே சொல்லில் வைத்துக்கொண்டு நாம் எப்படியோ காலம் தள்ளிவிட்டோம். ஒரு கதைக்கு முன்பக்கம் எது என்று யாராவது கேட்டால் நானும் இதே மாதிரிதான் முழிப்பேன்.

குழாய் ரோட்டிலிருந்து கடலை நோக்கிக் கிடந்தது. ஸ்பீக்கர் ரோட்டுப் பக்கம், டர்போ கடல் பக்கம். மகிழினி சொன்ன 'முன்னாடி மைக்', ரோட்டுப் பக்கம் இருப்பது. திலீப் ஒண்ணாம் நம்பர் ஒயரை மாட்டிய 'முன்னாடி மைக்', கடல் பக்கம் இருப்பது. ஒயர் இடம் மாறினால் கம்ப்யூட்டர் போனதை வந்தது என்றும், வந்ததைப் போனது என்றும் எடுத்துக்கொள்ளும். நூறு போய் ஐம்பது வந்தால், ஐம்பது போய் நூறு வந்ததாகச் சொல்லும். இரண்டு மடங்கு. பைத்தியம் குழாய்க்கு இல்லை.

திலீப் ஒயர்களைப் பிடுங்கி மாற்றி மாட்டினான். பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து, ஒயர்களில் முன் என்றும் பின் என்றும் ஒட்டியிருந்த காகிதங்களைக் கிழித்துப் போட்டு, குழாயின் மேலேயே எழுதினான்: இந்தப் பக்கம் 'ரோடு', அந்தப் பக்கம் 'கடல்'. வட சென்னையில் இந்த இரண்டைப் பற்றி மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது.

இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

6

முடிக்க முடியவில்லை, ஏனென்றால் வியாழக்கிழமை புதுக் கோடு வந்தது.

ஊர் முழுக்கத் தெளிந்துவிட்டது. எல்லாச் சுதியிலும் நூறு போய் ஐம்பது, நாற்பது என்று ஒழுங்காகத் திரும்பியது. ஒரே ஒரு இடம் தவிர. திங்கட்கிழமை எல்லோரும் பைத்தியமாக இருந்தபோது ஒழுங்காக இருந்தானே ஒருவன், அந்த விசில் சுதி, அங்கே இப்போது நூறு போய் நூற்று இருபத்தைந்து திரும்பியது.

மகிழினி ஒயரை மறுபடி பார்த்தாள். ரோடு ரோட்டில் இருந்தது, கடல் கடலில் இருந்தது. திலீப் நுரை தடவினான். மறுபடி அளந்தார்கள். அதே நூற்று இருபத்தைந்து.

"செவுத்துல அடிச்ச பந்து வேகமா வராதுன்ன?" என்று கேட்டேன்.

"செவுரு சும்மா நின்னா வராதுக்கா." அவள் மெதுவாகச் சொன்னாள். "இந்த செவுரு சுத்திகினு கீது."

சுற்றுகிற சக்கரத்திடம் காற்றின் பலம் இருக்கிறது. அந்த ஒரு சுதியில் மட்டும், திரும்பிப் போகிற சத்தத்துக்கு அது தன் பலத்திலிருந்து கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறது, ஊஞ்சல் திரும்புகிற நேரம் பார்த்து ஒரு தள்ளு தள்ளுவது மாதிரி. தள்ளத் தள்ள ஊஞ்சல் ஏறும். அதுதான் விசில். கத்துவது தொழிற்சாலையின் காற்றுக் குழாய் இல்லை. இவர்களுடைய டர்போ.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை நான் மறைக்கக் கூடாது. இரண்டு வருடம் இரண்டு மைக்கோடு குடித்தனம் நடத்தி, கடைசியில் ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். திருடன் சொந்த வீட்டுக்காரன் என்பது பிறகுதான் உறைத்தது. நீலக் கோட்டு ஞாபகம் வந்தது. அப்பா அடித்த ஆணி ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளத்துரை இரண்டு கோடுகளையும் ஸ்க்ரீனில் பார்த்தார். நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இது வெளிய போச்சுன்னா மொத்த லோடையும் திருப்பி அனுப்பிருவான். ஹெட் ஆபீஸ் இந்த ஷெட்டுக்குப் பூட்டு போட்ரும்மா."

"டர்போ வாய் ஓரத்துல கொஞ்சம் மாத்தி செஞ்சா விசில் அடங்கிரும் சார். நாலஞ்சு மாசம் போதும்."

"நாலு மாசத்த யார் குடுப்பா?" அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "இங்க பாரு. மத்த எடமெல்லாம் புதுக் கோடு நல்லா இருக்கு. அந்த ஒரு எடத்துல பழைய கோடு நல்லா இருக்கு. ரெண்டும் நீ அளந்ததுதான? பொய்யா எதுவும் எழுத வேண்டாம்."

வெளியே ரோட்டுப் பக்கம் இக்னேஷியஸின் ஜீப் வந்து நின்றது. வெள்ளத்துரை குனிந்து, ஸ்க்ரீனில் அந்த இடத்தை விரலால் தொட்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்:

"ஒட்டிரு."

7

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றையும் மகிழினியிடம் காட்டினேன்.

முடிவு அ. மகிழினி ஒட்டிவிடுகிறாள். இக்னேஷியஸ் கையெழுத்துப் போடுகிறார். மறுநாள் நீலக் கோட்டு. பீம்ராவ் அடித்த ஆணிக்கு வேலை கிடைக்கிறது. அதற்குப் பிறகு மேட்டில் ஏறுகிற ஒவ்வொரு லாரியும் விசில் அடிக்கும்போது அவள் காதை—

மகிழினி இதைப் படித்துவிட்டு, "'ழ' போட்டு தைச்சாங்களா?" என்று கேட்டாள்.

"தைச்சாங்க."

அவள் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானாகத்தான் வாங்கிக்கொண்டேன்.

முடிவு ஆ. மகிழினி மறுத்துவிடுகிறாள். கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்ட இக்னேஷியஸ் உள்ளே வந்து கைதட்டுகிறார். "இப்படி ஒரு பொண்ணு இருக்கிற கம்பெனிய நாங்க நம்பறோம்" என்கிறார். பின்னணி இசை.

"யக்கா, இக்னேஷியஸ் சாரு கை தட்டறவரா? அவரு அப்போ செக்யூரிட்டியாண்ட குந்திகினு டீல பிஸ்கட் முக்கிகினு இருந்தாரு."

முடிவு இ. சரியாக அந்த நேரம் கரண்ட் போகிறது. கம்ப்யூட்டர் அணைகிறது. இரண்டு கோடுகளும் மறைகின்றன. (வழி தெரியாத எழுத்தாளர் இருக்கிற ஊரில் கரண்ட் அடிக்கடி போகும்.)

"யூபிஎஸ் கீது" என்றாள்.

8

சரி, எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். விசிட்டர் வருவதற்குள் பலகையை ரோட்டுப் பக்கம் மாற்றச் சொல்லி வெள்ளத்துரை கூப்பிட்டிருந்தார். நானும் திலீப்பும் கடல் பக்கத்துக் கதவுக்கு வெளியே இருந்தோம். திலீப் ஸ்டூல் மேல் நின்று ஸ்க்ரூவோடு போராடிக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டிய பழைய ஸ்க்ரூ, இரண்டு நாள் உப்புக் காற்றில் மொத்தமாகப் பிடித்துக்கொண்டுவிட்டது, அசையவில்லை.

கதவின் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. 'ஒட்டிரு' என்பது தெளிவாகக் கேட்டது. மகிழினி நாற்காலியைத் திருப்பினாள். சாம்பல் கோட்டின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் காலடியில் இருந்த, டர்போவைச் சுற்றுகிற காற்றை அடைத்துத் தரும் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. டேங்கில் காற்று குறைந்தால் அது தானே ஓடும், யாரையும் கேட்காது. கரண்ட் போனதாக எழுதியதற்கு மகிழினி என்னைக் கிண்டல் செய்தாளே, இது நான் இட்டுக்கட்டியது இல்லை. அவள் என்ன சொன்னாள் என்று சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை. நீளமாகப் பேசவில்லை என்பது மட்டும் தெரிந்தது. வெள்ளத்துரை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னாக்கா சொல்லிச்சு?" என்று ஸ்டூல் மேலிருந்து திலீப் கத்தினான். நான் கையை விரித்தேன்.

பிறகு எத்தனையோ முறை மகிழினியிடம் கேட்டுவிட்டேன். அவள் இப்போது என்ன நிறக் கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "கோட்ட வச்சி கணக்கு போடக் கூடாது. நீ எழுதறது கததான? படிக்கறவங்களாண்ட கேளு. அவங்க அந்த சேர்ல குந்திகினு இருந்தா இன்னா சொல்லுவாங்க?"

கேட்கிறேன். நான் குழாயின் இந்தப் பக்கத்திலிருந்து அனுப்பியதெல்லாம் இதுவரை எழுதியதுதான். மிச்சம் நீங்கள் திருப்பி அனுப்ப வேண்டியது. அதிகமாகத் திரும்பி வந்தாலும் வரட்டும். சும்மா நிற்கிற சுவராக இல்லாமல் நீங்களும் சுற்றிக்கொண்டிருந்தால் அது நடக்கக்கூடியதுதான் என்று இப்போது எனக்குத் தெரியும்.

உதவிக்கு ஒரே ஒரு குறிப்பு. வெள்ளத்துரை சொன்னது ஒரு வார்த்தை. மகிழினி ஒன்றுக்கு எத்தனை திருப்பித் தருவாள் என்பதை இரண்டாம் பகுதியிலேயே அளந்து வைத்திருக்கிறோம். அத்தனைக்கும் இங்கே இடம் விட்டிருக்கிறேன்.

"........................ ........................"

நிரப்பிவிட்டு, ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தயங்க வேண்டாம், சத்தமாகவே சொல்லலாம். ஸ்க்ரூ கடைசி வரை கழலவில்லை. பலகை இன்னும் கடலைப் பார்த்துத்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.